அடுப்புக்கு மேலே வைத்த வயலின்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று மதியம் வந்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது உன் அம்மா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழியில் இங்கே வெயில் எத்தனை நேரம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் பாயை விரித்து, துழாவி, பனிமூட்டம் இறங்குவதற்குள் வாரிக் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட நேரத்திலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து, மேலிருந்து கீழ்வரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். சேந்தமங்கலத்து மண்டபத்தின் பெயரைப் படித்தாள். முகூர்த்த நேரத்தைப் படித்தாள். கடைசியில் ஒரு வரியில் நின்று, மறுபடி படித்தாள். "மாலை ஆறு மணிக்கு: மணமகனின் தந்தையார் வழங்கும் வயலின் இசை."

அந்த வரி நடக்கப் போவதில்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் நீ அந்த வயலினை உடைத்ததால்தான் உன் அப்பாவின் வாசிப்பு நின்றது என்று இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். எனக்கு மீண்டும் வாசிப்பு வரவில்லை என்று தெரிந்தால், உடைத்தது உடைத்ததுதான் என்று முடிவு கட்டிவிடுவாய். அந்த நம்பிக்கை பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவன் நான். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. உன் அம்மாவே சொல்லிவிட்டாள்: "எழுதுங்க. போன்ல பேசினீங்கன்னா மழ பேஞ்சுதா, பஸ்ஸு வந்துதான்னு கேட்டுப்போட்டு வெச்சிருவீங்க." எழுதுகிறேன். இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. உன் மனைவியாக வரப்போகிற பெண்ணிடம் காட்டு. காளப்பநாயக்கன்பட்டி அத்தை வீட்டில் காட்டு. யார் படித்தாலும் சரி.

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கு எதுவும் சொல்ல வராது. முப்பத்தொரு வருஷம் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவன். புட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படிக்காமல் மூடியைத் திறந்ததில்லை. இன்றும் மலையில் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் என் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான் கம்பவுண்டர்தான். சேலத்தில் மருந்தாளுநர் படிப்புப் படித்த காலத்தில், நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்வீட்டில் ஒரு வயலின் வாத்தியார் இருந்தார். சுவருக்கு அப்பால் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, இரண்டு மாதம் தயங்கி, பிறகு போய்ச் சேர்ந்தேன். நான்கு வருஷம் கற்றுக்கொண்டேன். பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். சுருதி பிசகாமல் வாசிப்பேன், தாளம் விடமாட்டேன், அவ்வளவுதான். மலைக்கு வேலைக்கு வந்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு வாசிப்பேன். கேட்கிறவர்கள் உன் அம்மாவும், பிறகு நீயும். நீ என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வயலினின் அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்து, "அப்பா, உள்ளுக்குள்ள பூனை இருக்குது" என்பாய். அந்த இரண்டு பேருக்கு மேல் மூன்றாவது ஆளுக்கு முன்னால் அதுவரை நான் வாசித்ததே இல்லை. வாசிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

உன் அத்தை மகளின் கல்யாணம் காளப்பநாயக்கன்பட்டியில் நடந்தபோது உனக்கு ஏழு வயது. அக்கா என்னை விடவில்லை. "தாய்மாமன் நீ. ஊட்ல வெச்சுத் தேய்க்கறத எம் புள்ள கல்யாணத்துல ஒரு தடவ தேச்சாத்தான் என்ன?" என்றாள். நான் மறுக்கத் தெரியாதவன். மறுப்பதற்கும் தைரியம் வேண்டும் அல்லவா? ஒரு மாதம் தினமும் ஒரே கீர்த்தனையைச் சாதகம் செய்தேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தலில் ஜமுக்காளம் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு முப்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், எவரும் சங்கீதம் தெரிந்தவர்கள் இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லை. வில்லைத் தந்தியில் வைத்தேன். வில் நடுங்கியது.

வயலின்காரனுக்கு மட்டுமே தெரிகிற அவமானம் அது. பாடுகிறவனுக்கு நடுக்கம் வந்தால் குரலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். வில் நடுங்கினால் ஒவ்வொரு நடுக்கமும் தந்தியில் ஏறி எல்லார் காதிலும் விழும். ஆடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அழுத்திப் பார்த்தேன், கிறீச்சிட்டது. கையை இலேசாக்கிப் பார்த்தேன், வில் தந்தியில் துள்ளியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை கோபமாவது வந்திருக்கும். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று நிமிஷம் இருக்கும். மைக் செட் போட்டவர் என்னிடம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? பாட்டுப் போட்டரலாமுங்களா?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன். அவர் கேசட்டைப் போட்டதும் பந்தல் முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. அந்தப் பேச்சுச் சத்தத்தில் இருந்த நிம்மதி இன்றும் என் காதில் இருக்கிறது.

மலைக்குத் திரும்பிய பிறகு நான் வயலினை எடுக்கவில்லை. பெட்டியை பீரோவுக்கு மேல் வைத்தேன். அது ஒரு முடிவு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நாளை எடுக்கலாம், நாளை எடுக்கலாம் என்று மூன்று வாரம் ஓடியது. ஆனால் உள்ளுக்குள் தெரியும். ஆறு மணி அடித்தால் வெளியே எழுந்து போய்விடுவேன். நீ மட்டும் தினமும் கேட்பாய்: "அப்பா, இன்னைக்குப் பூனை வராதா?" நான் நாளைக்கு என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். நீ நாற்காலியைப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் கொண்டுவந்தாய். விளையாட எடுக்கவில்லை. எனக்குக் கொடுக்க எடுத்தாய். அதை உன் நடையிலேயே பார்த்தேன். பெட்டியின் கொக்கி சரியாக மாட்டியிருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவசரமாக மூடியவன் நான்தான். நிலைப்படியில் கால் தடுக்கி நீ விழுந்தாய். மூடி திறந்து வயலின் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கழுத்து முறிந்து, தந்திகளில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

உன் அம்மா ஓடிவந்தாள். முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் திரும்பி உன்னை அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் உன்னை அப்படி அடித்ததில்லை. நீ அழவில்லை, விழுந்ததில் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்ததையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நின்றுகொண்டிருந்தேன். நான் துக்கத்தில் வாயடைத்து நின்றதாகத்தான் உன் அம்மா நேற்றுவரை நினைத்தாள், நீ இன்றுவரை நினைக்கிறாய். என் மனதில் அப்போது வந்தது துக்கம் இல்லை, தம்பி. நிம்மதி. இனி யாரும் என்னை வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் என்கிற நிம்மதி. ஏன் விட்டாய் என்று அக்கா கேட்டால் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணம் ஏழு வயதுப் பிள்ளையாக என் முன்னால் அறை வாங்கிக்கொண்டு நின்றது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாக்கில் வயலினைச் சுற்றி எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். உன் அம்மா பணியாரம் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். வாத்தியக் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். கடைக்குள் ஒருவர் மிருதங்கத்துக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, சாலையைக் கடக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சாக்கு என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே வந்தது. வாசலில் நீ நின்றிருந்தாய். "சரி பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அப்போதுதான் அழுதாய். ஒரு வாரம் அடக்கி வைத்திருந்ததை அப்போது அழுதாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் படிப்புக்கு நான் செய்த துரோகம் அது. சாக்கை எங்கே வைப்பது என்று கேட்டபோது உன் அம்மா, "ஈரம் ஏறிப் பூஞ்சை புடிச்சிருமுங்க, வெதை வெக்கற எடத்துல வெச்சிருங்க" என்றாள். அவள் மலைக்காரி. இங்கே சாமை விதையையும் ராகி விதையையும் அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில்தான் வைப்பார்கள். வண்டு வராது, அடுத்த விதைப்புவரை கெடாது. நல்ல எண்ணத்தில் சொன்னாள். விதைக்கு நல்லது வயலினுக்கும் நல்லது என்று நினைத்தாள். வயலின் வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டிய மரம். சூட்டில் பசை விடும், பலகை வளையும், வெடிக்கும். ஒளியும் சூடும் படாத இடத்தில் வைக்கவும் என்று வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சொன்னவன் நான். தெரிந்தே ஏணி போட்டு ஏறி, இரண்டு விதை மூட்டைக்கு நடுவில் வைத்துவிட்டு இறங்கினேன். தினமும் அதற்குக் கீழேதான் சோறு பொங்கியது. நான் தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

பிறகு அது குடும்பத்தில் ஒரு கதையாகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். "இவன் கையில கண்ணாடிச் சாமான் எதுவும் குடுத்தராதீங்கோ, எங்க ஊட்டு வித்துவானையே ஒடச்சுப் போட்டவன்" என்று அத்தை சொல்லுவாள், எல்லாரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன், தம்பி. ஒருமுறை உனக்குப் பதினாறு வயது இருக்கும், உன் சித்தப்பா, "இவன் மட்டும் ஒடைக்காம இருந்திருந்தா எங்கண்ணன் ரேடியோவுல வாசிச்சிருக்கும்" என்றான். நீ எழுந்து கைகழுவப் போய்விட்டாய். பாதிச் சாப்பாடு இலையில் இருந்தது. நான் என் இலையைப் பார்த்துக்கொண்டு மோர் வாங்கிச் சாப்பிட்டேன். நீ இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களின் அளவு பார்த்துத் தேர்வு செய்கிற வேலையில் இருக்கிறாய். உன் கையிலிருந்து ஒரு தம்ளர்கூட வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் அதைப் பொறுப்பு என்கிறார்கள். எனக்கு அது எதனால் வந்தது என்று தெரியும்.

போன பொங்கலுக்கு நீ வந்து, என்னிடம் கேட்காமலேயே பரணில் ஏறிச் சாக்கை இறக்கி, சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சரி செய்யக் கொடுத்தாய். கல்யாணத்துக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டாம்ப்பா, நீங்க ஒரு பாட்டு வாசிச்சாப் போதும் என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன். வைகாசியில் உனக்கு விடுமுறை கிடைக்காததால் வயலினை வாங்கிவர நான்தான் போனேன். பழுது பார்த்தவர் சின்ன வயதுக்காரர், நல்ல வேலைக்காரர். பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டே சொன்னார்: "கழுத்து முறிஞ்சது ஒண்ணுமே இல்லைங்கய்யா. அன்னைக்கே கொண்டாந்திருந்தா ரெண்டு நாள் வேலை. மேல்பலகைதான் சூட்டுல போயிருச்சு, மாத்திட்டேன். பழைய நாதம் வராதுங்க. யாருங்க இத அடுப்பு மேல வெச்சது?" நான் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினேன். "தெரியாம வெச்சிருப்பாங்க, விடுங்க" என்று அவரே சமாதானம் சொன்னார். நீ வந்திருந்தால் உன் காதில் விழுந்திருக்கும். நீ வராதது நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கும் நினைத்தவன் நான்.

வைகாசியிலிருந்து ஏழு மாதமாக வாசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த முறையில்தான். ஒரு நோட்டுப் போட்டு, காலை பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், ஆகாரத்துக்குப் பின் என்று எழுதிக்கொண்டு தொடங்கினேன். உன் அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். "ஏனுங்க, மூணு வேளை வேண்டாமுங்க, ரெண்டு வேளையாக் கொறைங்க. நோயாளி தாங்கமாட்டா" என்றாள். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கம்பவுண்டருங்க, இந்த வருசம் எங்க பலாமரத்துல ஒரு கொரங்கு எறங்கலீங்க. உங்க புண்ணியமுங்க. மெளகு பறிக்கற வரைக்கும் நிறுத்தீராதீங்க" என்றார். நானும் சிரித்தேன். அந்த முதல் மாதத்தில் சிரிக்க முடிந்தது. வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்க வேண்டும். என் முழங்கால் மடங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பாதத்துக்குக் கீழே மணைப்பலகை வைத்துப் பார்த்தேன். விரல் நுனிகள் தந்தியில் வெட்டுப்பட்டன. காய்த்துப் போனால் சரியாகும் என்று காத்திருந்தேன். காய்த்தது, சரியாகவில்லை. சரளி வரிசையில் மேல் காலம் ஓடவில்லை. ஒரு சின்ன கீதத்தின் நான்கு வரியை முழுதாக முடிக்க ஆவணிவரை ஆயிற்று. அதை முடித்த அன்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் இரண்டாம் வரியிலேயே நின்றுபோயிற்று. கொடுமை என்னவென்றால் காது மட்டும் அப்படியே இருக்கிறது. காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. விரல் அதற்கு ஒரு நூல் கீழே போய் நிற்கிறது. மேலே தள்ளினால் ஒரு நூல் தாண்டுகிறது. காதும் போயிருந்தால் சந்தோஷமாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

நடுக்கம் வேறு. அன்று முப்பது பேருக்கு முன்னால் வந்த நடுக்கம் இப்போது யாரும் இல்லாமலேயே வருகிறது. வயது நடுக்கம் என்றார் டாக்டர், மாத்திரை எழுதினார். மாத்திரையைப் பற்றி எனக்கு அவரைவிட அதிகம் தெரியும். நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். புரட்டாசியில் எழுதியதற்கும் மார்கழியில் எழுதியதற்கும் வித்தியாசம் இல்லை. முன்னேற்றம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதில் கடைசி இரண்டு மாதமாக ஒன்றுமே எழுதவில்லை. அன்றே சரி செய்து, இந்த இருபத்தேழு வருஷத்தில் வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து வாசித்திருந்தால்கூடக் கையில் ஏதாவது மிச்சம் இருந்திருக்கும். நான் விட்டது வயலினை மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை நான் வேறு ஒரு மனிதனாக இருந்தேன், தம்பி. அந்த மனிதனைத் தேடித்தான் ஏழு மாதம் உட்கார்ந்தேன். அவன் இல்லை. அவன் எப்போது செத்தான் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் நீ போனில் கேட்டாய்: "எதுவரைக்கும் வந்திருக்கீங்கப்பா?" தேறி வருகிறது என்றேன். கீதம் முடிந்தது, வர்ணம் எடுத்திருக்கிறேன் என்றேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ பத்திரிகையில் வரி போட்டாய். பார், மறுபடியும் அதே வேலை. என்னால் முடியவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து, அதற்குப் பதிலாக உன்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

நேற்று அந்த வரியைப் படித்துவிட்டு உன் அம்மா, "எம் பையன் நெனச்சத நடத்திப் போட்டான். ஒடச்ச கையாலயே ஒட்ட வெச்சுட்டான் பாருங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் என் வாய் திறந்தது. மிளகுப் பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, இதுவரை உனக்கு எழுதிய அத்தனையையும் சொன்னேன். பந்தலில் நடந்தது அவளுக்குத் தெரியும். அதனால்தான் விட்டேன் என்பது தெரியாது. சேலத்தில் சாலையைக் கடக்காதது தெரியாது. நிம்மதி வந்ததைச் சொன்னபோது அவள் கை துழாவுவதை நிறுத்தியது. பிறகு, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு நான் அவன அடிச்சனே" என்றாள். நான் ஆமாம் என்றேன். "உங்க மூஞ்சியப் பாத்துத்தான அடிச்சேன். நீங்க பாத்துட்டு நின்னீங்களே." அதற்கும் ஆமாம் என்றேன். "ஒரு கை புடிச்சுத் தடுக்கலியே நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூட்டம் இறங்கியது. நாற்பது வருஷத்தில் முதல் முறையாக நான் தனியாக மிளகை வாரிக் கட்டினேன். பாதி நனைந்துவிட்டது. இன்று காலை காப்பி கொண்டுவந்து வைத்தபோதுதான் எழுதுங்கள் என்று சொன்னாள். அதைத் தவிர என்னிடம் இன்னும் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனாலும் நான் பட்டதில் இரண்டைச் சொல்கிறேன். உனக்கு ஒன்று பிடிக்காமல் போனாலோ, முடியாமல் போனாலோ, விட்டுவிடு. விடுவது குற்றமில்லை. விட்டேன் என்று உன் வாயால் சொல்லிவிட்டு விடு. சொல்லாமல் விட்டால், விட்டதற்குக் காரணமாக வீட்டில் யாராவது ஒருவர் நிற்க வேண்டிவரும். பெரும்பாலும் உன்னை அதிகம் நேசிக்கிறவர்தான் அங்கே வந்து நிற்பார். இரண்டாவது, உன் பிள்ளை ஒரு பொருளை உடைத்தால், முதலில் உன் முகத்தைத் திருப்பிக்கொள். முகத்தைச் சரி செய்துகொண்டு பிறகு திரும்பு. உன் முகத்தைப் பார்த்துத்தான் வீடு முடிவெடுக்கும். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல ஆசை. தெரிந்திருந்தது.

இப்போது ஆறு மணி விஷயம். பத்திரிகை எல்லார் வீட்டுக்கும் போயிருக்கும். என்னால் வயலினோடு அந்த மேடையில் ஏற முடியாது. ஏறினால் வருகிற சத்தத்தைக் கேட்டு, பாவம், பையன் அன்று உடைக்காமல் இருந்திருந்தால் என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். அதை உன் கல்யாணத்தன்று உன்னைக் கேட்க வைக்க மாட்டேன். வயலின் இல்லாமல் ஏறுகிறேன். ஏறி, "வயலினை நிறுத்தியது என் மகன் இல்லை, நான்" என்று சொல்லப் போகிறேன். ஒரே வாக்கியம். அத்தை, சித்தப்பா, சிரித்தவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். காலையிலிருந்து பின்கட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். தனியாகச் சொல்லும்போதே குரல் நடுங்குகிறது. என்னை எனக்குத் தெரியும். மேடைக்கு வந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாலும் இறங்கிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு என்றேன். நான் சொல்லத் தவறினால் நீ இதைப் படித்துவிடு. உன்னால் முடியாவிட்டால் உன் மனைவியைப் படிக்கச் சொல். தகப்பனை அவமானப்படுத்துகிறோமே என்று தயங்காதே. அவமானத்துக்குப் பயந்துதான் இவ்வளவும் நடந்தது.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னித்தால் எனக்கு மறுபடியும் நிம்மதி வரும். உன் செலவில் ஒருமுறை நிம்மதி அடைந்தவன் நான், இன்னொரு முறை வேண்டாம்.

எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து, முகத்தைக் கொடுக்காமல், முழுவதும் கேட்டாள். "நான் அடிச்சத எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன். "மூணு அடீன்னு எழுதியிருக்கீங்களா?" எழுதியிருக்கிறேன் என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "கடைசியா எம் பேருல ஒண்ணு எழுதுங்க. அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா சாமீன்னு அம்மா கேக்கறான்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இதற்கு மட்டும் பதில் போடு. அவளுக்குப் போடு.

அப்பா